கல்லில் அமைந்த கட்டுரை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் சாலையில் திருப்புலிவனம் என்னும் சிற்றூர் உள்ளது. புலிக்கால் முனிவர் எனப்படும் வியாக்கிரபாதர் இறைவனை வழிபட்ட இடம் என்று மக்கள் போற்றும் வியாக்கிரபுரீசுவரர் திருக்கோயில் இவ்வூரில் விளங்குகின்றது. நெல்வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த அமைதியான ஊர் இது. இவ்வூரிலிருந்து சில கிலோமீட்டர் சென்றால் உத்திரமேரூரை அடையலாம். அங்கே, இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என்று வழங்கும் மண்டபத்தின் கருங்கற் சுவர்களில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட எழுத்துகள் வரிவரியாக நிற்கின்றன. முதற் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூர்ப் பெருமக்கள் கூடிச் செய்த இரண்டு தீர்மானங்கள் அவை.

குடவோலை முறையால் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றுக்குச் சான்றாக அக்கல்வெட்டுகளை எல்லாரும் அறிவர். வரலாற்று நூல்கள் அவற்றை ஆட்சிமுறைக்கு எடுத்துக்காட்டாகவே கூறும். ஆனால் அவற்றிற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒரு கருத்தை எவ்வாறு எண்ண வேண்டும், எவ்வாறு வகுக்க வேண்டும், எவ்வாறு விரிக்க வேண்டும் என்பதை அவை போலக் கற்பிக்கும் உரைநடை அரிது. கட்டுரை எழுதக் கற்கும் மாணவர்க்கு அச்சுவர் ஒரு பாடநூல் எனலாம்.

தேர்வுக்கூடத்தில் நிகழ்வது என்ன? வினாத்தாள் கைக்கு வந்தவுடன் பேனா ஓடத் தொடங்குகிறது. மணி ஒலிக்கும் வரை அது நிற்பதில்லை. பக்கங்கள் நிறைகின்றன, ஆயினும் சொல்ல வந்தது யாது என்பது எழுதியவருக்கே விளங்குவதில்லை. "எங்கள் ஊர் ஏரி" என்பது தலைப்பாயின், நீரின் பெருமையில் தொடங்கி, மழையின் சிறப்புக்குத் தாவி, உழவரின் உயர்வைப் பாடி, ஏரியில் நீந்திய இன்பத்தைக் கூறி, மீண்டும் நீரின் பெருமைக்கே வந்து முடிகின்றது கட்டுரை. சொற்பஞ்சம் அங்கே இல்லை, ஒழுங்கே இல்லை. இக்குறையை மறைக்கச் சிலர் பிறர் எழுதிய கட்டுரைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்றனர். பிறருடைய ஒழுங்கை இரவல் வாங்கினால் தம்முடைய எண்ணம் எங்ஙனம் வளரும்?

"திட்டமிட நேரம் ஏது? எழுதும் பொழுதே எண்ணம் தானாக வாராதா?" என்று கேட்பார் உண்டு. கல்லில் எழுதியவருக்கு அவ்வசதி இல்லை. தாளில் எழுதியதை அடிக்கலாம்; ஓலையில் எழுதியதை எறிந்துவிட்டு வேறோர் ஓலை எடுக்கலாம். உளி பதிந்த கல்லை யார் மாற்ற வல்லார்? ஆகவே உளி எழும் முன்பே சொல்ல வேண்டியன யாவும் எண்ணி முடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். சபையார் கூடினர், ஆராய்ந்தனர், முடிவு செய்தனர், சபையின் ஆணைப்படி நடுநிலையாளன் ஒருவன் எழுதினான், அதன் பின்னரே அது கல்லேறியது. எண்ணுதல் முதலிலும் எழுதுதல் பின்னரும் நிகழ்ந்தமையால்தான் அவ்வெழுத்து இன்றும் தெளிவாக நிற்கின்றது.

இரண்டாம் கல்வெட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முதலில் அரசனின் பெயரும் ஆண்டும் ஊரும் கூறப்படுகின்றன. யார், எங்கே, எப்பொழுது என்பது ஐயமின்றித் தெரிகின்றது. அடுத்து, எதன்பொருட்டு இத்தீர்மானம் என்பது சொல்லப்படுகின்றது. வாரியங்களுக்கு ஆண்டுதோறும் தக்கோரைத் தேர்தலே அந்நோக்கம். இதன் பிறகு எழுதப்பட்ட ஒவ்வொரு தொடரும் அந்நோக்கத்திற்கே பணி செய்கின்றது. அரசனின் வெற்றிகளைப் பாடவோ, ஊரின் வளத்தை வருணிக்கவோ எழுதியவர் வழிவிலகிச் செல்லவில்லை. ஒரு கட்டுரைக்கு முதல் தேவை இதுவே. "இக்கட்டுரை எதை நிலைநாட்ட வருகின்றது?" என்னும் வினாவிற்கு ஒரே தொடரில் விடை கூற இயலாதவர் இன்னும் எழுதத் தகுதி பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நோக்கம் துணிந்தபின் பகுப்பு வருகின்றது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பினரும் கூடித் தகுதி உடையோரின் பெயர்களை ஓலையில் எழுதுதல் வேண்டும். தகுதி உடையோர் யார்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர்; சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர்; முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபது வயதுக்கு உட்பட்டவர்; கல்வி உடையவர்; நல்வழியில் பொருள் ஈட்டியவர்; கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பில் இராதவர். இவ்வாறு கொள்ளத்தக்கவர் கூறப்பட்ட பின்னரே தள்ளத்தக்கவர் கூறப்படுகின்றனர். அதன் பின்னர்த் தேர்ந்தெடுக்கும் முறையும், தேர்ந்தவர்களை வாரியங்களுக்குப் பங்கிடும் முறையும், பதவிக்காலமும், தவறு செய்தவரை விலக்கும் வழியும் வருகின்றன. ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்குகின்றது. முன்னையது இன்றிப் பின்னையது விளங்காது. இதனையே நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஒன்றாக "முறையின் வைப்பு" என்று கூறினார். "மற்றொன்று விரித்தல்", "கூறியது கூறல்", "சென்று தேய்ந்து இறுதல்" என்பவற்றை அவர் குற்றங்களாக எண்ணினார். மேலே கூறிய ஏரிக் கட்டுரையில் இம்மூன்று குற்றங்களும் ஒருங்கே இருத்தலைக் காண்க.

பகுத்தால் மட்டும் போதாது. வேண்டுமிடத்தில் விரிக்கவும் வேண்டும். எங்கே விரிப்பது, எங்கே சுருக்குவது? இவ்வினாவிற்கும் அக்கல்வெட்டு விடை தருகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதலாகாது என்று அது விதிக்கின்றது. அவ்வளவில் அது நிற்கவில்லை. அவருடைய தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், தாய்மாமன் என்று விலக்கத்தக்க உறவினரை ஒவ்வொருவராக எண்ணிக் காட்டுகின்றது. ஏன் இவ்வளவு விரிவு? "உறவினர்" என்னும் ஒரு சொல்லோடு விட்டிருந்தால், "இவர் நெருங்கிய உறவினர் அல்லர்" என்று வழக்காடுவோர்க்கு இடம் கிடைத்திருக்கும். ஐயம் பிறக்கக்கூடிய இடத்திலேயே விரிவு பெய்யப்பட்டுள்ளது.

ஓலை எடுக்கும் காட்சியும் அத்தகையதே. இளையோர் முதல் முதியோர் வரை மகாசபையார் நிறையக் கூடியிருக்கின்றனர். ஊரில் உள்ள கோயில் நம்பிமாரும் அம்மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவருள் மூத்தவர் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடிக்கின்றார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கின்றான். அதிலுள்ள ஓலைகள் வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கப்படுகின்றன. அதிலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து நடுநிலையாளனிடம் கொடுக்கின்றான். அவன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று, உரக்கப் படிக்கின்றான். நம்பிமார் யாவரும் அதனைப் படிக்கின்றனர். அதன் பிறகே அப்பெயர் ஏற்கப்படுகின்றது.

விரல்களை விரிக்க வேண்டும் என்பதைக் கூடவா எழுத வேண்டும் என்று தோன்றலாம். மூடிய கையில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடும் அன்றோ? வெறுங்குடம் என்று கூறியதும், சிறுவன் அறியாதவன் என்று கூறியதும், பலர் படிக்க வேண்டும் என்று கூறியதும், ஒவ்வொன்றும் ஓர் ஐயத்தை அடைக்கும் கதவுகளே. அழகுக்காகச் சேர்த்த சொல் அவற்றுள் ஒன்றுமில்லை. கட்டுரையில் எடுத்துக்காட்டு, காரணம், எண், விளக்கம் ஆகியவை இடம்பெற வேண்டிய இடமும் இதுவே. படிப்பவர், "அஃது எப்படி?" என்று கேட்கும் இடத்தில் எழுதியவர் விரிவாக நிற்க வேண்டும், அவர் கேளாமலே ஒப்பும் இடத்தில் விரைந்து செல்ல வேண்டும். மாணவர் பலர் இதனை மாற்றிச் செய்கின்றனர். "நீரின்றி வாழ முடியாது" என்று எவரும் மறுக்காத உண்மையை ஒரு பக்கம் எழுதி, "ஏரியைத் தூர் வார வேண்டும்" என்னும் முதன்மையான கருத்தை ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர்.

அந்த ஏரிக் கட்டுரையையே இம்முறையில் அமைத்துப் பார்க்கலாம். "ஏரியைக் காப்பது ஊராரின் கூட்டுக் கடமை" என்று நோக்கத்தை முதலில் துணிந்துகொள்ள வேண்டும். உத்திரமேரூர்ச் சபையார் ஏரிக்கெனத் தனி வாரியமே அமைத்தவர். பல்லவர் காலத்திலிருந்து வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பேரேரி அவ்வூருக்கு உண்டு. ஆகவே தொடக்கத்திற்குத் தக்க சான்று அருகிலேயே உள்ளது. பின்பு, ஏரியின் உறுப்புகளை நீர் செல்லும் வழியிலேயே வரிசைப்படுத்தலாம்: நீர்வரத்துக் கால், கரை, மதகு, மிகுந்த நீர் வெளியேறும் கலிங்கு. அடுத்து, இவை ஒவ்வொன்றும் எதனால் கெடுகின்றன என்பதைக் கூறலாம். கால்வாய் அடைபடுவதும், வண்டல் படிந்து கொள்ளளவு குறைவதும், கரை ஆக்கிரமிக்கப்படுவதும் தனித்தனிக் காரணங்களால் நிகழ்வன. இறுதியாக, எது அரசின் பணி, எது ஊராரின் பணி என்று பிரித்து, முதலில் துணிந்த நோக்கத்தை நிலைநாட்டி முடிக்கலாம். நான்கு வரிகளில் இத்திட்டத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடம் வீணன்று. மீதமுள்ள நேரத்தைக் காப்பது அதுவே.

திட்டம் எண்ணத்தின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. குடவோலையில் எவர் பெயர் வரும் என்பதை யாரும் முன்னறிய இயலாது, அது தற்செயலே. ஆனால் அத்தற்செயல் எந்த நேரத்தில், எந்தக் குடத்தில், எவர் கையால் நிகழ வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. எழுதும் பொழுது எதிர்பாராமல் தோன்றும் நல்ல எண்ணமும் அத்தகையதே. ஒழுங்கு உள்ள இடத்தில் அஃது அணியாகும். ஒழுங்கற்ற இடத்தில் அதுவும் குப்பையோடு குப்பையாய் மறைந்துபோகும்.

இனி, மாணவர் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உத்திரமேரூரில் இருப்பது ஒரு கல்வெட்டு அன்று, இரண்டு. 919இல் ஒரு விதி செய்தனர். இரண்டே ஆண்டுகள் கழித்து 921இல் அதனைத் திருத்தி மற்றொன்று செய்தனர். முன்னதில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு பின்னதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாறியது. விலக்கத்தக்கவர் யாவர் என்பதும், ஓலை எடுக்கும் முறையும் பின்னதில் மேலும் விரிவாகக் கூறப்பட்டன. கல்லில் வெட்டியாயிற்று என்பதற்காகக் குறையோடு வாழ அவர்கள் இசையவில்லை. முதல் விதியை மறைக்கவும் இல்லை. இரண்டும் ஒரே மண்டபத்தில் நிற்கின்றன. கல்லையே திருத்தி எழுத நாணாத முன்னோரின் வழியில் வந்தவர், தாளைத் திருத்தி எழுத நாணுவது பொருந்துமா? முதற்படியை எழுதி, ஒருமுறை பிறர் கண்கொண்டு படித்து, வேண்டாததை நீக்கி, விட்டதைச் சேர்த்து எழுதுவதே கட்டுரை எழுதுதல் என்பதன் முழுப்பொருள்.

அண்மைக்கால வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. இந்திய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது. டாக்டர் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழு 1947 ஆகஸ்டில் அமைந்தது. அவ்வரைவின்மேல் 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய பிரிவு முதல் வரைவில் இடம்பெறவில்லை. 1948 நவம்பர் 22ஆம் நாள் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் அதற்கான திருத்தத்தை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே அரசியலமைப்பின் நாற்பதாம் பிரிவாக இன்று விளங்குகின்றது. பெரும் அறிஞர் கூடிச் செய்த வரைவிலும் ஒரு பெரிய செய்தி விடுபட்டிருந்தது. அதனைச் சுட்டிக்காட்டியவர் இருந்தார். திருத்திக்கொள்ளும் உள்ளமும் இருந்தது. 1949 நவம்பர் 26ஆம் நாள் அச்சட்டம் ஏற்கப்பட்டது.

"விடுபட்டது யாது?" என்னும் இவ்வினாவை உத்திரமேரூர்க் கல்வெட்டை நோக்கியும் கேட்டே ஆக வேண்டும். அதன் அமைப்பு சிறந்தது. அதன் சொல் தெளிவானது. ஆயினும் நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவரின் பெயர்களே அக்குடத்தில் விழுந்தன. அது பிராமணர்க்குத் தானமாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். ஏரிக்கரையில் மண் சுமந்தவர், வயலில் நாற்று நட்ட மகளிர், நிலமற்ற உழவர் ஆகியோரின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. எழுத்து எவ்வளவு ஒழுங்காக அமைந்தாலும், அது யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவர்க்கே பயன்படும். ஆகவே ஒழுங்கு மட்டுமே நல்லெழுத்து ஆகிவிடாது. வயதுவந்த எல்லார்க்கும் வாக்குரிமை என்று அரசியலமைப்பு எழுதியதும், 1993இல் நடைமுறைக்கு வந்த எழுபத்துமூன்றாம் திருத்தம் பஞ்சாயத்துகளில் மகளிர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்கியதும், பழைய குடத்தில் விழாத ஓலைகளை இட்ட செயல்களே ஆகும்.

கட்டுரை எழுதுவோர்க்கும் இவ்வறம் பொருந்தும். தம் கருத்துக்கு ஏற்ற சான்றுகளை மட்டும் அடுக்கி, ஏலாதவற்றை மறைத்து எழுதினால், அஃது அழகிய கட்டுரையாகத் தோன்றலாம். நேர்மையான கட்டுரை ஆகாது. ஏரிக் கட்டுரையில், கரையில் குடிசை போட்டு வாழும் ஏழையின் நிலையைக் கூறாமல் ஆக்கிரமிப்பை மட்டும் பழிப்பது எளிது. அவர் எங்கே போவார் என்னும் வினாவையும் எழுதி, அதற்கு விடை தேடுவதே அரிது; அதுவே எண்ணத்தை வளர்ப்பது. திட்டமிடும் பொழுது, "மறுப்போர் என் சொல்வர்? எவரை மறந்தோம்?" என்று ஒரு வரி குறித்துக்கொள்வாரின் கட்டுரை ஏனையோர் கட்டுரையினும் ஆழம் பெறும்.

பொய்ப்பத்திரம் எழுதியவரின் பெயரையும் குடவோலையில் இடலாகாது என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. எழுத்தில் பொய்த்தவரிடம் ஊரின் பொன்னை ஒப்படைக்க முடியாது என்று அவர்கள் கருதினர். பிறர் எழுதியதைத் தம்முடையது போல் எழுதிக்காட்டும் பழக்கம் பள்ளியில் சிறிதாகத் தோன்றும். ஆனால் இன்று கட்டுரை எழுதும் கையே நாளை விண்ணப்பம் எழுதும், தீர்மானம் எழுதும், கணக்கு எழுதும், சட்டமும் எழுதும். அவ்வெழுத்தை நம்பிப் பலர் வாழ்வர். குழம்பிய விண்ணப்பத்தால் ஓர் ஊருக்கு வரவேண்டிய நீர் வாராமற் போகலாம். ஐயத்திற்கு இடமான ஒரு சொல்லால் ஏழை ஒருவர் தம் நிலத்தை இழக்கலாம். எழுத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று.

உத்திரமேரூர் மண்டபத்தின் சுவர் அருகே நிற்பவர், எழுத்துகளைப் படிக்க இயலாவிடினும், வரிகள் கோணாமல் செல்வதைக் காணலாம். அக்கற்றச்சன் உளியை எடுக்கும் முன் கல்லைத் தேய்த்துச் சமன் செய்திருக்க வேண்டும். எழுத்துக்கு இடம் அளந்திருக்க வேண்டும். திருப்புலிவனத்திலோ, தமிழகத்தின் வேறெவ்வூரிலோ, ஒரு வகுப்பறையில் வெள்ளைத்தாளை முன்வைத்து அமர்ந்திருக்கும் மாணவர்க்கும் அக்கடமையே உண்டு. முதலில் எண்ணுக, பின்னர் வகுக்க, ஐயம் தோன்றும் இடத்தில் விரிக்க, விடுபட்டவரை நினைக்க, குறை கண்டால் நாணாது திருத்துக. இவ்வாறு எழுதிய எழுத்து தாளில் இருந்தாலும் கல்லில் பொறித்தது போல் நிலைத்துநிற்கும்.